உடைத்தால் கரும்பச்சை, மேலே காவி, நனைத்தால் கருப்பு: கல்லுக்கு எந்த நிறத்தை எழுதுவது?

காவேரிப்பட்டணம்_வாத்தியார்
வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராகக் கல் பொறுக்கி வந்திருக்கிறார்கள். பர்கூர், ஊத்தங்கரை, பென்னாகரம், அரூர் என்று மேசை முழுக்கக் கல். பெயர், கிடைத்த இடம், நிறம் என்று மூன்று வரியில் சீட்டு ஒட்டலாம் என்று பார்த்தால் நிறத்திலேயே மாட்டிக்கொண்டோம். பென்னாகரம் பக்கத்துக் கல் ஒன்று வெளியே காவி, சுத்தியலால் உடைத்தால் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சை, தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகக் கருப்பு. ஒரு பையன் கருப்பு என்கிறான், இன்னொருத்தி பச்சை என்கிறாள், மூன்றாவது ஆள் "மாம்பழ மஞ்சள்" என்று எழுதியே வைத்துவிட்டான். ஒரு கல்லுக்கு நிறம் என்பது எது? அது எங்கிருந்துதான் வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் கீழே போட்டிருக்கிறேன்.

ஊத்தங்கரை_சின்னவன்
சார், முதலில் அந்தப் பையனிடம் எந்த மாம்பழம் என்று கேளுங்கள். பெங்களூராவா, செந்தூராவா? காயாக இருக்கும்போதா, பழுத்த பிறகா? நம்ம ஊரில் மாம்பழ மஞ்சள் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் :)

பாலீஷ்_பட்டறை
வாத்தியார் சார், நான் பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் இருக்கிறேன். நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும், நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்களிடம் வரும் கருப்புக் கல்லின் பிளாக்கை அறுத்து ஸ்லாப் எடுத்தவுடன் பார்த்தால் அது கருப்பே கிடையாது, சாம்பல். சிமெண்ட் தரை மாதிரி மங்கலாக இருக்கும். தண்ணீர் அடித்தால் கருப்பு, காய்ந்தால் மறுபடி சாம்பல். அப்புறம் பாலீஷ் ஏற ஏற, முரடான கல்லில் ஆரம்பித்து நைஸ் வரைக்கும் போகப் போக, கருப்பு தானாக வரும். அதே ஸ்லாப்பைத் தீயால் சுட்டுப் பிளேம் பினிஷ் கொடுத்தால் திரும்பவும் வெளுத்த சாம்பல்தான். கல் ஒன்று, நிறம் மூன்று. வீடு கட்டுபவர்கள் பாலீஷ் போட்ட சாம்பிளைப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு பிளேம் பினிஷ் கேட்டு வாங்கிப் போய், "வேற கல்லை ஏத்திட்டீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

தீர்த்தமலை_அடிவாரம்
பட்டறை அண்ணா சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது, வாத்தியார் சார். நான் நிலவியல் படித்தவள், கொஞ்ச காலம் களத்திலும் இருந்தேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் மேல் விழும் வெளிச்சம் இரண்டு விதமாக நம் கண்ணுக்கு வருகிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அது கல்லுக்குள் போகவே இல்லை, அதனால் வெள்ளையாகத்தான் வரும். இன்னொரு பங்கு கனிமத்துக்குள் நுழைந்து, அங்கே சில நிறங்களை இழந்து, மிச்சத்தோடு வெளியே வரும். நாம் கனிமத்தின் நிறம் என்று சொல்வது இந்த இரண்டாவது பங்கை. பரப்பு முரடாக இருந்தால் முதல் பங்கு நாலாபக்கமும் சிதறி எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளை மங்கலைப் போட்டுவிடும், அதுதான் பட்டறையில் தெரியும் சாம்பல். தண்ணீர் அந்த மேடுபள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறைந்து கருப்பு தெரிகிறது. பாலீஷ் அதையே நிரந்தரமாகச் செய்கிறது.

அடுத்து, அந்தக் கருப்பே உண்மையில் கருப்பு இல்லை. உங்கள் பென்னாகரத்துக் கல்லைப் படத்தை வைத்து மட்டும் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பக்கத்து மலைகளில் நிறைய இருப்பது சார்னோக்கைட் என்ற பாறை. அதில் இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமம் கையில் பார்த்தால் கருப்பு அல்லது கரும்பழுப்பு. அதையே 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் இளம்பச்சை. மேடையைத் திருப்பினால் அதே துண்டு இளஞ்சிவப்பு! படிகத்தின் எந்தத் திசையில் ஒளி போகிறது என்பதைப் பொறுத்து அது விழுங்கும் நிறம் மாறுகிறது. முதல் தடவை பார்க்கும்போது யாரோ ஸ்லைடை மாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வீட்டு ஜன்னல் கண்ணாடியை எடுத்து நேராகப் பாருங்கள், நிறமில்லை. விளிம்பு வழியாகப் பாருங்கள், பச்சை. கண்ணாடியில் இருக்கும் துளி இரும்புதான் காரணம். ஹைப்பர்ஸ்தீனில் துளி இல்லை, அமைப்பிலேயே இரும்பு. கனமாக இருந்தால் எந்த வெளிச்சமும் தப்பி வெளியே வராது, அதனால் கருப்பு.

அந்த எண்ணெய்ப் பசை மாதிரிப் பச்சை வருவது பெல்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து. அதன் நுண்ணிய வெடிப்புகளுக்குள் புகுந்திருக்கும் பச்சைக் கனிம இழைகள்தான் காரணம் என்று பொதுவாக விளக்குவார்கள். சார்னோக்கைட்டில் சில இடத்தில் குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல்கூட நீலமாகத் தெரியும். அதில் நீலப் பொருள் எதுவும் கிடையாது, உள்ளே மிதக்கும் மிக நுண்ணிய ஊசிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன, வானம் நீலமாக இருப்பதும் இதே வகைச் சிதறலால்தான்.

வெளியே இருக்கும் காவி தனிக்கதை. அது இரும்பு துருப்பிடித்த தோல்.

செம்மண்காரன்
துருப்பிடித்த தோல் என்று அக்கா ஒரே வரியில் போய்விட்டார், அங்கேதான் என் பிழைப்பே இருக்கிறது. மண் பரிசோதனை வேலை எனக்கு. பாறைக்குள் இருக்கும்போது இரும்பு பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும், பச்சை, கரும்பச்சை எல்லாம் அதன் வேலை. காற்றும் மழையும் பட்டு மூன்றாவதையும் இழந்தால் மஞ்சள், பழுப்பு, சிவப்பு. நீர் சேர்ந்த இரும்புக் கனிமம் கோதைட் மஞ்சள்பழுப்பு, நீர் போன ஹேமடைட் சிவப்பு. தர்மபுரி பக்கம் ஏரிக்கரையில் ஒரு இடத்தில் மஞ்சளும் பத்தடி தள்ளி மேட்டில் ரத்தச் சிவப்புமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் தங்கும் இடத்தில் கோதைட் கை ஓங்கும், நன்றாகக் காய்ந்து வடியும் இடத்தில் ஹேமடைட். செங்கல் சூளையில் மஞ்சள் மண் உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வருகிறதே, அதுவும் இதேதான், சுமார் 300 டிகிரியைத் தாண்டினாலே கோதைட் நீரை விட்டு ஹேமடைட் ஆகத் தொடங்கிவிடும்.

எழுதும் முறை பற்றிக் கேட்டீர்கள். மண்ணுக்கு நாங்கள் சிவப்பு, மஞ்சள் என்று எழுதிவிட்டுப் போகமுடியாது. மன்செல் அட்டை என்று ஒன்று உண்டு, ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. நிறம் எது, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அழுத்தம் என்று மூன்று எண். 2.5 ஒய்ஆர் 4/6 என்றால் சிவப்பு மஞ்சள் கலந்த குடும்பம், வெளிச்சம் 10க்கு 4, அழுத்தம் 6. அட்டையிலுள்ள சில்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியதுதான். முக்கியமானது, காய்ந்த நிறம், ஈர நிறம் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்போம். பாறைக்கும் தனி மன்செல் அட்டை இருக்கிறது.

ஊத்தங்கரை_சின்னவன்
அட்டை விலையைச் சொல்லாமல் விட்டீர்களே அண்ணா. கல்லூரியில் ஒன்றே ஒன்று இருக்கும், அதையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள்.

செம்மண்காரன்
விலை கொஞ்சம் கசக்கும்தான். பள்ளிக்கு அது தேவையில்லை. பெயிண்ட் கடையில் ஷேடு கார்டு சும்மாவே கொடுப்பார்கள், எல்லாச் சீட்டுக்கும் ஒரே கார்டை வைத்து எண் எழுதினால் போதும். யார் பார்த்தாலும் அதே சில்லைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தீர்த்தமலை_அடிவாரம்
ஷேடு கார்டு நல்ல யோசனை. இந்தப் பிரச்சினை பழையதுதான். ஜெர்மனியின் பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் இருந்த வெர்னர், கனிமங்களை வெளித்தோற்றத்தை வைத்து விவரிக்க 1774இலேயே ஒரு நிறப் பட்டியல் போட்டார். பிறகு பேட்ரிக் சைம் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1814இல் அதை விரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வண்ணக் கட்டமும், அது தென்படும் ஒரு விலங்கு அல்லது பறவை, ஒரு தாவரம், ஒரு கனிமம் என்று சேர்த்தார். டார்வின் கப்பலில் போனபோது அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு நிறம் குறித்தார். ஆக மாம்பழ மஞ்சள் எழுதிய பையன் ஒன்றும் தப்பான ஆள் இல்லை, எந்த மாம்பழம் என்று மட்டும் எழுதவேண்டும்!

சீட்டில் எழுதும்போது முதன்மை நிறம் கடைசியில் வரட்டும். "பச்சை கலந்த கருப்பு" என்றால் கருப்புதான் அதிகம். "கருப்பு கலந்த பச்சை" வேறு. மயில்கழுத்து, மாந்தளிர், அரக்கு என்று புடவைக்கடை நிறம் எழுதினாலும் எனக்குச் சம்மதமே, நம் வீடுகளில் எல்லோருக்கும் கண்ணில் நிற்கும் நிறங்கள் அவை.

நவரத்தின_நாட்டம்
எல்லாம் சரி, பயன்படுகிற விஷயம் ஒன்று கேட்கிறேன். எங்கள் சொந்தக்காரர் கிணறு வெட்டும்போது பாறையில் சிவப்பு மணி மணியாக, ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு வந்தது. நல்ல மாதுளைச் சிவப்பு. மாணிக்கம்தானே? பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் குருந்தக்கல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், மாணிக்கமும் குருந்தம்தான் என்கிறார்கள். நிறம் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. ஒருவர் வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணமும் பேசுகிறார், ஆனால் "டெஸ்ட் செலவு" என்று முதலில் எங்களிடம் பணம் கேட்கிறார்.

பாலீஷ்_பட்டறை
பணம் கொடுக்காதீங்க. கல்லைப் பார்க்காமலே சொல்கிறேன்.

தீர்த்தமலை_அடிவாரம்
நானும் அதையே சொல்கிறேன். நம் பக்கத்து நைஸ் என்னும் பட்டைப் பாறையில் சிவப்பு மணி என்றால் பெரும்பாலும் கார்னெட் என்ற வேறு கனிமம்தான். நிறத்தை வைத்து மாணிக்கம் என்று முடிவு கட்டவே முடியாது, காரணம் சொல்கிறேன்.

குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அலுமினியம் உட்காரவேண்டிய இடத்தில் நூற்றில் ஒரு பங்குபோலக் குரோமியம் வந்து உட்கார்ந்தால் மாணிக்கச் சிவப்பு. கொஞ்சம் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவினால் நீலம். கனிமம் ஒன்றுதான், விருந்தாளி மாறினால் நிறம் மாறுகிறது. இன்னும் வேடிக்கை, அதே குரோமியம் பெரில் என்ற கனிமத்தில் போய் உட்கார்ந்தால் மரகதப் பச்சை! மாணிக்கத்தில் ஆக்சிஜன் அணுக்கள் குரோமியத்தை நெருக்கிப் பிடித்திருக்கின்றன, மரகதத்தில் பிடி கொஞ்சம் தளர்வு. அந்தச் சின்ன வித்தியாசத்தில் அது விழுங்கும் நிறப்பட்டை நகர்ந்து, ஒன்றில் சிவப்பும் மற்றதில் பச்சையும் தப்பி வெளியே வருகின்றன. ஆக, ஒரே அணு இரண்டு நிறம் கொடுக்கும், ஒரே நிறத்தை இரண்டு அணுவும் கொடுக்கும். உங்கள் மணி அல்மண்டைன் வகைக் கார்னெட் என்றால் அந்தச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு. அதுவும் அந்தக் கனிமத்தின் கட்டாய அங்கம், வந்துபோகும் விருந்தாளி இல்லை. அதனால் இரும்பை எடுத்துவிட்டு வெள்ளை அல்மண்டைன் என்று ஒன்று இருக்கவே முடியாது.

சோதனை சொல்கிறேன். வெங்கச்சங்கல் ஒன்றில் அழுத்திக் கீறுங்கள். கார்னெட்டும் கீறும், மாணிக்கமும் கீறும், எனவே இது தேறினால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். வடிவத்தைப் பாருங்கள். கார்னெட் பல முகம் கொண்ட உருண்டை, குருந்தம் ஆறு பக்கம் கொண்ட பீப்பாய் அல்லது தட்டை. இருட்டு அறையில் யூவி டார்ச் அடியுங்கள். குரோமியம் உள்ள மாணிக்கம் பல சமயம் தணல் மாதிரி சிவப்பாக ஒளிரும், கார்னெட் செத்துக் கிடக்கும். இரும்பு அதிகமான மாணிக்கமும் ஒளிராது என்பதால் இதையும் ஒற்றைச் சாட்சியாக எடுக்கக்கூடாது. 1960இல் உலகின் முதல் லேசர் மாணிக்கக் கோலில்தான் வேலை செய்தது, இதே சிவப்பு ஒளிர்வுதான் அதற்கும் அடிப்படை. கடைசியாக, அங்கீகாரம் உள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள், இடையில் யாரும் வேண்டாம்.

நவரத்தின_நாட்டம்
டார்ச் அடித்துப் பார்த்தோம் மேடம். பன்னிரண்டு பக்கம் மாதிரி உருண்டையாக இருக்கிறது, ஒளிரவும் இல்லை. வீட்டில் எல்லோர் முகமும் சுண்டிப்போச்சு. அந்த ஆளிடம் இதைச் சொன்னதிலிருந்து போனை எடுப்பதில்லை.

ஊத்தங்கரை_சின்னவன்
டெஸ்ட் செலவு மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. பெரிய கார்னெட்டாக இருந்தால் வாத்தியார் சாருக்கு ஒன்று கொடுங்கள், கண்காட்சியில் வைக்கட்டும்.

என் கேள்வி: எங்கள் பக்கம் பாறையில் பளபளவென்று ஈயச் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது, கையில் தேய்த்தால் கருப்பாக ஒட்டுகிறது. பென்சில் கிராபைட் என்று நண்பன் சொல்கிறான், மாலிப்டினத் தாதுவான மாலிப்டினைட் என்று நான் சொல்கிறேன். அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் இருப்பது தெரிந்ததுதானே?

தீர்த்தமலை_அடிவாரம்
தெரிந்ததுதான், தம்பி. ஆனால் வட்டாரத்தில் இருக்கிறது என்பதால் கையில் இருப்பது அதுதான் என்று ஆகிவிடாது. இங்கே நிறத்தைவிடத் தூளின் நிறம் உதவும். மெருகு போடாத வெள்ளைப் பீங்கானில் இழுத்தால் வரும் கோட்டின் நிறம், நாங்கள் கீற்று நிறம் என்போம். இரண்டும் கருஞ்சாம்பல் கோடு போடும், ஆனால் மெருகுள்ள பீங்கானில் தேய்த்தால் மாலிப்டினைட் கோட்டில் ஒரு பச்சைச் சாயல் வரும், கிராபைட் கருப்போடு நிற்கும். அதைவிட எளிது எடை. மாலிப்டினைட்டின் அடர்த்தி 4.7 வாக்கில், கிராபைட் 2.2 வாக்கில். கையில் தூக்கினாலே இரண்டு மடங்கு தெரியும்.

கீற்று ஏன் நம்பகமானது என்றால், தூளாக்கும்போது எல்லாத் துகளும் மெலிதாகிவிடுகின்றன, தடிமனால் வரும் கருப்பு கழன்றுவிடுகிறது. துளி விருந்தாளியால் நிறம் பெற்ற கல்லைத் தூளாக்கினால் வெள்ளைதான் மிஞ்சும். பச்சைக் கண்ணாடி பாட்டிலை நொறுக்கினால் தூள் கிட்டத்தட்ட வெள்ளையாக இருப்பதைப் பாருங்கள். ஒளியை மூர்க்கமாக விழுங்கும் கனிமங்கள்தான் தூளிலும் நிறத்தை வைத்திருக்கும். தீர்த்தமலை இரும்புத்தாதுவில் கருப்புப் பட்டையில் கீற்று கருப்பாக வந்து காந்தமும் ஒட்டினால் மேக்னடைட். அதே பாறையில் சில இடம் கருப்பாகவே தெரியும், ஆனால் கீற்று செங்கல் சிவப்பாக வரும், அது ஹேமடைட்டாக மாறிய பகுதி. மேலே பார்த்தால் அண்ணன் தம்பி, கோடு போட்டால் வேறு வேறு. இந்த மண்ணில் இரும்பு உருக்கியவர்கள் இதையெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் சுமார் 4,200 ஆண்டு என்று 2022இல் அறிவித்தார்களே.

ஒரு எச்சரிக்கை, பீங்கானின் கடினம் 7க்குக் கொஞ்சம் கீழே. குவார்ட்ஸ், குருந்தம் எல்லாம் கோடு போடாது, பீங்கானைத்தான் கீறும். வெள்ளைக் கோடு என்று எழுதிவிட வேண்டாம், அது பீங்கானின் தூள்.

பாலீஷ்_பட்டறை
நானும் ஒன்று சேர்க்கிறேன். கருப்பு ஸ்லாப்பில் நிறம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் கல்லுக்கு எண்ணெயோ சாயமோ பூசி ஜெட் பிளாக் என்று தள்ளிவிடுவார்கள், அடுப்படியில் எலுமிச்சைச் சாறு, வெந்நீர் பட்டுச் சில மாதத்தில் வெளுக்கும். வாங்கும்போது வெள்ளைத் துணியில் நெயில் பாலீஷ் அழிக்கிற திரவத்தை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், துணி கருத்தால் கல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நிஜக் கருப்பு எங்கிருந்து வருகிறது அக்கா? அதில் பாதிக்குப் பாதி வெள்ளைப் பெல்ஸ்பார் இருக்கவேண்டும் என்கிறார்களே?

தீர்த்தமலை_அடிவாரம்
நல்ல கேள்வி அண்ணா. கருப்பு கிரானைட் என்று நாம் விற்பது கிரானைட்டே இல்லை, பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு பாறை. மற்ற பாறைகளுக்குக் குறுக்கே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் டைக். அதில் பெல்ஸ்பார் தாராளமாக உண்டு, முறைப்படி பார்த்தால் வெளிர்நிறமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் இந்த டோலரைட்டுகள் பலவற்றில் பெல்ஸ்பாருக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடு துகள்கள் மேகம் போலப் பரவியிருக்கும். பெல்ஸ்பாரும் இருண்டுவிடுவதால்தான் முழு ஸ்லாப்பும் ஒரே கருப்பு. பாரடைசோ என்று விற்கும் அலைக்கோலக் கல்லில் அப்படி இல்லை, அங்கே வெளிர்ப் பட்டையும் காக்காப்பொன் நிறைந்த கரும்பட்டையும் பின்னிக் கிடப்பதால்தான் அந்த அலை.

காவேரிப்பட்டணம்_வாத்தியார்
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். வெள்ளைக் கற்களை என்ன செய்வது? ஒரு தட்டு நிறைய இருக்கிறது. அப்புறம் ஒரு பெண் ஊதா நிறக் குவார்ட்ஸ் கொண்டுவந்திருக்கிறாள், உறவினர் வெளியூரிலிருந்து வாங்கி வந்ததாம். ஜன்னலோரம் வைத்தால் அழகாக இருக்கும் என்று வைக்கச் சொல்கிறாள்.

தீர்த்தமலை_அடிவாரம்
ஜன்னலோரம் வேண்டாம். ஊதாக் குவார்ட்ஸில் துளி இரும்பு இருக்கும், பாறையின் இயற்கைக் கதிரியக்கம் அதன் எலக்ட்ரானைத் தட்டி எடுத்த காயம்தான் அந்த ஊதா. கடும் வெயிலில் நெடுநாள் இருந்தால் வெளுக்கும். சூடுபடுத்தினால் மஞ்சளாகும், கடையில் மஞ்சள் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட ஊதாதான். புகை நிறக் குவார்ட்ஸும் கதிரியக்கக் காயமே, அங்கே இரும்புக்குப் பதில் அலுமினியம்.

வெள்ளைக்கு நிறம் எந்த உதவியும் செய்யாது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், கால்சைட் மூன்றும் வெள்ளை, சுக்கான்கல்லும் வெள்ளை. கண்ணாடியைக் கீறுமா, தட்டினால் சமதளமாகப் பிளக்குமா, அமிலத்தில் நுரைக்குமா என்று பாருங்கள். சாமல்பட்டி பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக் கல் இருந்தால் கண்டிப்பாகச் சொட்டு அமிலம் விடுங்கள், அங்கே கார்பனேட் கனிமங்கள் நிறைந்த கார்பனடைட் பாறை இருக்கிறது.

செம்மண்காரன்
படம் போடும்போது நிழலில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து எடுங்கள் சார். இப்போது போட்டிருப்பதில் மேசை, சுவர், உங்கள் கட்டைவிரல் எல்லாமே மஞ்சளாக இருக்கின்றன, வகுப்பறை பல்பு அப்படி.

காவேரிப்பட்டணம்_வாத்தியார்
அப்படியானால் பென்னாகரம் கல்லுக்குச் சீட்டு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "புதிதாக உடைத்த முகம், காய்ந்தது, பகல் வெளிச்சம்: பச்சை கலந்த கருப்பு, எண்ணெய்ப் பளபளப்பு. வெளித்தோல்: மஞ்சள் கலந்த பழுப்பு. நனைத்தால்: கருப்பு." பள்ளியில் பழைய பெட்டியில் இருந்த கற்களில் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாவற்றுக்கும் "தர்மபுரி மாவட்டம்" என்றே இருக்கிறது. அதையும் மாற்றவேண்டுமா?

தீர்த்தமலை_அடிவாரம்
நிறம் பிரமாதம். ஷேடு கார்டு எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல், பழைய சீட்டு அதற்கு முந்தையது என்பதற்கு அதுவே சாட்சி. கிழிக்காமல், புதுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஊத்தங்கரை_சின்னவன்
என் கல்லைத் தராசில் போட்டேன், தண்ணீரில் மூழ்கவைத்தும் எடை பார்த்தேன். அடர்த்தி 2.3 வருகிறது. நண்பனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பாலீஷ்_பட்டறை
வாத்தியார் சார், கீற்றுப் பலகைக்கு அலையவேண்டாம். பாத்ரூம் டைல்ஸைத் திருப்பினால் பின்பக்கம் மெருகு இருக்காது. வெள்ளையாகப் பார்த்து எடுங்கள், சிவப்பு மண் டைல்ஸ் ஆகாது. ரவுண்டானா பக்கம் வந்தால் சொல்லுங்கள், உடைந்த துண்டுகள் ஒரு சாக்கு கிடக்கிறது, கூடவே அறுத்தது, சுட்டது, பாலீஷ் போட்டது என்று ஒரே கல்லில் மூன்று துண்டும் தருகிறேன்.